முழங்காலும் ஒன்பது மாதமும்

திருக்கடையூர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? அபிராமி அம்மன் நினைவு வரும். அறுபதாம் கல்யாணம் நினைவு வரும். மார்க்கண்டேயனுக்காக இறைவன் காலனைக் காலால் உதைத்த தலம் இது என்பது புராணம். அட்ட வீரட்டானங்களுள் ஒன்றாக இவ்வூர் போற்றப்படுவதும் அந்த ஓர் உதையினால்தான். காலசம்மாரமூர்த்தியின் திருவுருவத்தைக் காண்போர் கண்கள் உதைக்கும் காலின்மீதே செல்லும். நாம் இங்கே பார்க்க வேண்டியது மற்றொரு காலை. தரையில் ஊன்றி, உடலின் பாரம் முழுவதையும் தாங்கி நிற்கும் காலை.

காற்பந்து ஆட்டத்திலும் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த ஊன்றிய கால்தான். பாதம் தரையில் பதிந்திருக்க, உடல் மட்டும் வேறு பக்கம் திரும்புகிறது. முழங்கால் உட்புறமாக மடிகிறது. ‘டப்’ என்று ஒரு சத்தம். எதிர் ஆட்டக்காரர் மோதித்தான் இது நேர வேண்டும் என்பதில்லை. பத்தில் ஏழு பேருக்கு ஒருவரும் தொடாமலேயே நேர்ந்துவிடுகிறது. தை, மாசியில் அறுவடை முடிந்து, உளுந்து தெளிக்காமல் விட்ட வயல்களில் பந்து ஆடும் நம் பிள்ளைகளுக்கும் இது நேரலாம். சடுகுடு ஆடுவோருக்கும் நேர்கிறது. வெடித்த நிலத்தில் பாதம் சிக்கினால் போதும்.

இந்தியக் காற்பந்து ரசிகர்கள் நன்கு அறிந்த ஒரு முழங்காலைப் பற்றி முதலில் சொல்கிறேன். சண்டிகரில் 1993இல் பிறந்த சந்தேஷ் ஜிங்கன், கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர். 2014இல், இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய முதல் ஆண்டிலேயே, வளரும் ஆட்டக்காரருக்கான பரிசைப் பெற்றவர். 2019 அக்டோபரில், வங்கதேசத்துடன் நடக்கவிருந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்காக இந்திய அணி ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அப்போது நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியுடன் ஆடிய ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவர் முழங்காலில் முன் சிலுவைப் பிணையம் அறுந்தது. வயது 26. ‘ஆறு மாதத்தில் திரும்புவார்’ என்று செய்தி வந்தது. கொச்சியில் மஞ்சள் சட்டை அணிந்து திரளும் ரசிகர்கள் நாள்களை எண்ணத் தொடங்கினார்கள்.

அதே 2019இல் சென்னையின் எஃப்.சி. ரசிகர்களும் காத்திருந்தார்கள். 2015, 2018 ஆகிய இரு ஆண்டுகளிலும் சென்னை அணி கோப்பை வென்றபோது அதன் முன்வரிசையில் ஆடிய மிசோரம் வீரர் ஜெஜே லால்பெக்லுவா, முழங்கால் அறுவை முடிந்து வெளியே அமர்ந்திருந்தார். 2020 மார்ச்சில் சென்னை அணி இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றது; ஜெஜே அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை.

அறுவை ஓரிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தையல் இரண்டு வாரத்தில் பிரித்துவிடுவார்கள். பிறகு ஏன் இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை காண மருத்துவ உலகத்துக்கே நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முழங்காலில் மேலே தொடை எலும்பு, கீழே கணைக்கால் எலும்பு. இரண்டையும் மூட்டின் நடுவே பிணைப்பவை இரண்டு பட்டைகள். ஒன்றை ஒன்று குறுக்காகக் கடப்பதால் அவற்றுக்குச் சிலுவைப் பிணையங்கள் என்று பெயர். முன்னால் இருப்பது கீழ் எலும்பு முன்னே நழுவாமலும், முறுக்கிக்கொள்ளாமலும் காக்கிறது. நீளம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம். பருமன் நம் சுண்டுவிரல் அளவு. ஆனால் இளைஞர் ஒருவரின் பிணையத்தை இழுத்து அறுக்க ஏறத்தாழ 220 கிலோ எடை வேண்டும். 75 கிலோ நெல் மூட்டைகள் மூன்றைக் கட்டித் தொங்கவிடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வலிய பட்டைக்கு ஒரு குறை உண்டு. அறுந்தால் பெரும்பாலும் தானாகச் சேர்வதில்லை. எலும்பு முறிந்தால் முறிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, அந்த உறைவின்மீது புது எலும்பு வளர்கிறது. சிலுவைப் பிணையமோ மூட்டுநீரில் நனைந்துகொண்டே இருக்கிறது. அங்கே உறைவு நிலைப்பதில்லை. அறுந்த முனைகளுக்கு நடுவே பாலம் எதுவும் அமைவதில்லை.

வாள்வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த காலன் என்னும் கிரேக்க மருத்துவர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே இப்பிணையங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். (பெயர் காலன்தான், நம் திருக்கடையூர்க் காலனுக்கும் இவருக்கும் உறவில்லை.) ஆனால் அறுந்ததைச் சேர்க்க முயன்றதாக நாம் அறியும் முதல் அறுவை 1895இல்தான் நடந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவரிடம் 41 வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் வந்தார். சுரங்கத்தில் மண் சரிந்து முழங்கால் கெட்டு மாதக்கணக்காகியிருந்தது. கால் நிலையாக நிற்கவில்லை. ராப்சன் மூட்டைத் திறந்து பார்த்தார். இரண்டு சிலுவைப் பிணையங்களும் அறுந்து கிடந்தன. ஆட்டுக்குடலில் செய்த நூலால் அவற்றைத் தைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தத் தொழிலாளி நொண்டாமல் நடந்து வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். காற்பந்துக்காக அல்ல, கூலிக்காகத் திரும்ப வேண்டியிருந்த முழங்கால் அது.

தைத்துப் பார்த்த எல்லாருக்கும் இந்த நல்ல முடிவு கிட்டவில்லை. 1917இல் பிரிஸ்டல் நகரத்து ஹே குரோவ்ஸ் வேறு வழி கண்டார். அறுந்ததைத் தைப்பதை விட்டுவிட்டு, தொடையின் வெளிப்புறத் தசையுறையில் ஒரு பட்டையை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, பழைய பிணையம் இருந்த வழியே கோத்தார். இன்று உலகெங்கும் நடக்கும் அறுவைக்கு வேர் இதுதான். இன்று முழங்காற்சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணின் நடுப்பகுதியையோ, தொடையின் பின்பக்கத் தசைநாண்களையோ எடுக்கிறார்கள்; அவ்வளவுதான் வேறுபாடு.

வழி தெரிந்துவிட்டது. ஆயினும் ஆட்டக்காரர்களுக்கு விடிவு வரவில்லை. 1962 டிசம்பர் 26 அன்று சண்டர்லாந்து அணியின் பிரையன் கிளஃப், பரி அணிக்கு எதிரான ஆட்டத்தில் கோல்காப்பாளர்மீது மோதி விழுந்தார். முழங்காலின் உட்பக்கப் பிணையமும் சிலுவைப் பிணையமும் போயின. வயது 27. லீக் ஆட்டங்கள் 274இல் 251 கோல் அடித்தவர்! மாவுக்கட்டுப் போட்டார்கள், பிறகு கடற்கரையிலும், அரங்கின் படிக்கட்டுகளிலும் ஓடி ஓடித் தம்மைத் தேற்றிக்கொண்டார். 1964இல் மூன்றே லீக் ஆட்டங்கள் ஆடினார், முடியவில்லை. 29 வயதில் ஆட்ட வாழ்வு முடிந்தது. பின்னாளில் பயிற்சியாளராக நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிக்கு 1979, 1980 இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பை பெற்றுத் தந்தார் என்பது வேறு கதை. அக்காலத்தில் முழங்கால் பிணையம் அறுந்தவருக்கு ரசிகர்கள் காத்திருக்கவில்லை, விடை கொடுத்தார்கள்.

மாற்றம் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே முழங்கால் காசநோயால் விறைத்துப் போனவர்கள் பலர். நம்மைப் போலவே தரையில் அமர்ந்து உண்டு வாழும் மக்களுக்கு மடங்காத முழங்கால் எத்தனை பெரிய இடர் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் நோயைத் தொடக்கத்திலேயே காண விரும்பிய கென்ஜி தகாகி, 1918இல் தோக்கியோவில், சிறுநீர்ப்பையை நோக்கும் கருவியை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வத்தனாபே கருவியைத் திருத்திக்கொண்டே போனார். அவர் உருவாக்கிய 21ஆம் எண் அகநோக்கிதான் உலகம் முழுவதும் பரவியது. (ஜிங்கனின் சட்டை எண்ணும் 21தான்!) மூட்டைப் பிளக்காமல், சிறு துளை வழியே பிணையத்தை மாற்றும் அறுவையை 1980இல் இங்கிலாந்தில் டேவிட் டாண்டி முதன்முதலாகச் செய்தார்.

அறுவை எளிதாயிற்று. அதன் பின்னர் செய்ய வேண்டியதில்தான் குழப்பம் நீடித்தது. வாரக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டுக் காலை அசையாமல் வைத்தார்கள். தொடை சூம்பியது, மூட்டு விறைத்தது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகர மருத்துவர் ஷெல்போர்ன் ஒரு விந்தையைக் கவனித்தார். சொன்ன பேச்சைக் கேட்காமல், கட்டுப்பாட்டை மீறிக் காலை நீட்டி மடக்கி நடந்த நோயாளிகளே விரைவில் தேறினார்கள்! சொன்னபடி கேட்டவர்கள் பின்தங்கினார்கள். நோயாளிகளைக் கடிந்துகொள்வதற்குப் பதிலாக அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டார் அவர். அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1990இல் அவர் வெளியிட்ட முறைக்குப் பின், அறுவை முடிந்த முதல் நாள்களிலேயே காலை நீட்டவும் ஊன்றவும் தொடங்கினார்கள்.

அப்படியானால் சீக்கிரம் ஆடலாமே? இங்கேதான் இயற்கை தன் கணக்கை வைத்திருக்கிறது. நாற்றங்காலிலிருந்து பறித்து வயலில் நட்ட நாற்றைப் பார்த்திருப்பீர்கள். முதல் சில நாள் வாடி மஞ்சளித்து நிற்கும். பழைய வேர் அறுபட்டது. புது வேர் இன்னும் விடவில்லை. பிறகே பச்சை பிடிக்கும். முழங்காலில் நட்ட தசைநாணும் இப்படித்தான். எடுத்த இடத்து இரத்தக் குழாய்கள் அறுந்துவிட்டதால் அதனுள் இருந்த உயிரணுக்கள் மடிகின்றன. மூட்டின் உறையிலிருந்து புது இரத்தக் குழாய்கள் மெல்ல ஊர்ந்து வருகின்றன. புது உயிரணுக்கள் குடியேறிப் பழைய நார்களைக் கரைத்துப் புது நார்களை நூற்கின்றன. தசைநாண் கொஞ்சம் கொஞ்சமாகப் பிணையமாக மாறுகிறது. இது முற்றுப்பெற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

இதில் ஏமாற்று ஒன்று உண்டு. முதல் இரண்டு மூன்று மாதங்களில், பழையது கரைந்து புதியது வலுப்பெறாத வேளையில்தான் நட்ட நாண் மிகவும் நலிந்திருக்கிறது. ஆனால் அதே வேளையில்தான் வீக்கம் வடிந்து, வலி மறைந்து, ஆட்டக்காரர் படியேறி இறங்குகிறார். நாற்று மஞ்சளித்தால் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. அவர் மெதுவாக ஓடும் படம் செய்தித்தாளில் வந்ததும் ‘ஏன் இன்னும் களம் இறக்கவில்லை?’ என்று கூக்குரல் எழுகிறது.

2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு எண்களைத் தந்தது. நார்வேயையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 106 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும், மீண்டும் முழங்கால் கெடும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதத்துக்குப் பின் தள்ளிப்போடுவதால் அத்தகைய ஆதாயம் தென்படவில்லை. இரு தொடைத் தசைகளும் சமவலிமை பெறும்முன் திரும்பியவர்களே அதிகம் அடிபட்டார்கள். இளம் வயதினருக்கு ஆபத்து கூடுதல். இருபத்தைந்து வயதுக்குள் மீண்டும் ஆடச் சென்றவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அதே காலிலோ மறு காலிலோ பிணையம் அறுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். இளமைதான் துணை என்று நாம் எண்ணுகிறோம். இங்கே அது எதிராக நிற்கிறது. பார்சிலோனா அணி இதை உணர்ந்தே நடந்தது. 2023 நவம்பரில் 19 வயதில் பிணையம் அறுந்த காவியை, 2024 அக்டோபர் 20 அன்றுதான், அதுவும் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், களத்தில் இறக்கினார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். சடுகுடு ஆடி முழங்கால் முறுக்கிய பையனை எக்ஸ்ரே எடுத்து, ‘எலும்பு முறியவில்லை’ என்று சொன்னால் வீட்டில் நிம்மதி. எக்ஸ்ரேயில் பிணையம் தெரியாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிலர் கட்டுப் போடும் வைத்தியரிடம் செல்கிறார்கள். கட்டு முறிந்த எலும்பை அசையாமல் பிடிக்கலாம்; மூட்டுநீரில் மிதக்கும் அறுந்த முனைகளை எந்தக் கட்டும் சேர்க்காது. மூன்று வாரத்தில் வலி போகும். பையன் மறுபடி ஆடுவான். திரும்பும்போது கால் நழுவும். ஒவ்வொரு நழுவலிலும் மூட்டுக்குள் உள்ள பிறை வடிவக் குருத்தெலும்பு நசுங்கும். அது போய்விட்டால் அறுபதாம் கல்யாண வயது வரும் முன்பே மூட்டுத் தேய்வு வந்துவிடும்.

ஆகவே மூன்று அடையாளங்களை மனத்தில் வையுங்கள்: அடிபடும்போது கேட்ட ‘டப்’ ஓசை, சில மணி நேரத்துக்குள் முழங்கால் பந்துபோல் வீங்குதல், பின்னாளில் திரும்பும்போது கால் நழுவுதல். இவை இருந்தால் எலும்பு மருத்துவர் ஒருவர் முழங்காலைச் சற்றே மடக்கி, கணைக்காலை முன்னே இழுத்துப் பார்ப்பார். பிலடெல்பியாவைச் சேர்ந்த லாக்மன் என்பவரின் இந்தச் சோதனையை 1976இல் அவர் மாணவர்கள் வெளியிட்டார்கள். இதற்கு இரண்டு கைகள் போதும், எம்.ஆர்.ஐ. படம் பிறகு உறுதி செய்யும். அறுந்த எல்லாருக்கும் அறுவை வேண்டும் என்பதும் இல்லை. திடீரெனத் திரும்பும் ஆட்டங்களை விட்டு, பயிற்சியால் தொடைத் தசையை வலுவாக்கி வாழ்வோர் பலர்.

ஜிங்கன் என்ன ஆனார் என்றுதானே கேட்கிறீர்கள்? 2020 மே மாதம் அவர் கேரளா பிளாஸ்டர்ஸை விட்டு விலகினார். 21ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று கழகம் அறிவித்தது. அவ்வாண்டு நவம்பர் 20 அன்று, கொரோனா காரணமாகப் பார்வையாளரே இல்லாத கோவா மைதானத்தில், புதிய பருவத்தின் முதல் ஆட்டம். 13 மாதங்களுக்குப் பின் ஜிங்கன் களம் இறங்கினார், ஏ.டி.கே. மோகன் பகான் சட்டையில், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக! மோகன் பகான் 1–0 என்று வென்றது. அந்தப் பருவத்துக்கான இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் பரிசும் அவருக்கே கிடைத்தது.

2024 ஜனவரியில், ஆசியக் கோப்பையில் சிரியாவுக்கு எதிராக ஆடும்போது அவருக்கு மறுபடியும் முழங்காலில் அடிபட்டது. இந்திய அணியில் மீண்டும் அவரைக் கண்டது நவம்பர் 18 அன்று, ஐதராபாத்தில் மலேசியாவுடன் நடந்த ஆட்டத்தில். இம்முறை பத்து மாதம்.