பிழை வேறு, தோற்றம் வேறு: ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களில் பொது விதிகள் உருவான வரலாறு

ஒரு குழுவினர் எழுதும் வலை நிரல் முழுவதும் ஒரே சீராக இருப்பதற்கான விதிகள் இன்று சிறியதோர் அமைப்புக் கோப்பில் அடங்கிவிடுகின்றன. அந்தக் கோப்புக்குப் பின்னால் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட விவாதம் உண்டு. நிரலில் பிழை தேடுவது ஒரு வேலை, நிரலின் தோற்றத்தை ஒழுங்குபடுத்துவது வேறொரு வேலை. இரண்டும் ஒரே கருவிக்குள் கலந்திருந்தவரை விதிகளைப் பகிர்வது ஓயாத வழக்காகவே இருந்தது. அவை பிரிந்த பிறகே பகிர்வு நிலைபெற்றது என்பது இக்கட்டுரையின் துணிபு.

சி மொழியில் இந்தப் பிரிவு தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1970களின் பிற்பகுதியில் எழுதிய லின்ட், கம்பைலர் ஏற்றுக்கொண்ட நிரலிலும் ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டியது. வரிகளை உள்தள்ளி அடுக்குவதற்கு பெர்க்லி யூனிக்ஸில் இன்டென்ட் என்று தனி நிரல் இருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் அப்படி எளிதாகப் பிரிக்க முடியாமல் போனதற்கு அம்மொழியின் இயல்பே காரணம்.

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். எழுதுபவர் அரைப்புள்ளி இட மறந்தால் சில இடங்களில் மொழியே அதை இட்டுக்கொள்ளும். 'ரிட்டர்ன்' என்று ஒரு வரியில் எழுதி, திருப்பித் தரவேண்டிய பொருளை அடுத்த வரியில் நெளிவு அடைப்புக்குள் வைத்தால், ரிட்டர்னை அடுத்து அரைப்புள்ளி விழுந்துவிடும். செயற்கூறு எதையும் திருப்பித் தராது. அந்தப் பொருளில் பண்பு ஒன்றே இருந்தால் பிழைச்செய்தியும் வராது. அடைப்புக்குறியை எந்த வரியில் திறப்பது என்பது மற்ற பல மொழிகளில் சுவையைப் பொறுத்தது. இங்கே அது நிரலின் பொருளையே மாற்றுகிறது. தோற்றமும் பிழையும் பின்னிக்கிடந்த இந்த நிலையை உணராமல் பிற்கால வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

தனிமனிதத் தீர்ப்பிலிருந்து குழுவின் தேர்வுக்கு

டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2002இல் வெளியிட்ட ஜேஎஸ்லின்ட் இந்தப் பின்னலை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆபத்தான இலக்கணத்தையும் இடைவெளிகளையும் அது ஒரே கண்டிப்புடன் கேள்வி கேட்டது. அதன் விதிகள் கிராக்ஃபோர்டின் தீர்ப்புகள். 2008இல் வந்த அவருடைய 'ஜாவாஸ்கிரிப்ட்: த குட் பார்ட்ஸ்' நூல் அந்தத் தீர்ப்புகளுக்குப் பரவலான மதிப்பைத் தந்தது. ஒழுங்கே இல்லாதிருந்த களத்தில் அது செய்த தொண்டு பெரிது. ஆனால், ஒருவருடைய தீர்ப்பை எல்லாக் குழுக்களும் சுமக்க முடியவில்லை. 2011இல் ஆன்டன் கோவல்யோவ் அதிலிருந்து ஜேஎஸ்ஹின்ட்டைக் கிளைபிரித்து, எந்த எச்சரிக்கை வேண்டும் என்பதைப் பயன்படுத்துவோரின் கையில் விட்டார். விருப்பங்கள் திட்டத்தின் கோப்புறையிலேயே ஒரு கோப்பாகக் குடியேறின. தாய்க்கருவியின் உரிமத்தில் மென்பொருளைத் தீமைக்குப் பயன்படுத்தக் கூடாது என்றொரு நிபந்தனை இருந்தது. கிளைக்கும் வந்து சேர்ந்த அந்த நிபந்தனை கட்டற்ற மென்பொருள் வரையறைக்கு ஒவ்வாதது; அதிலிருந்து விடுபட்டு ஜேஎஸ்ஹின்ட் முழுமையாக எம்ஐடி உரிமத்துக்கு மாற 2020 வரை ஆயிற்று.

நிக்கோலஸ் ஜக்காஸ் 2013இல் தொடங்கிய ஈஎஸ்லின்ட் அடிப்படையையே மாற்றியது. நிரலை முதலில் தொடரியல் மரமாக்கி, ஒவ்வொரு விதியையும் அந்த மரத்தின் மேல் ஓடும் தனித் துண்டாக வைத்தது. யாரும் புதிய விதி எழுதிச் சேர்க்கலாம், பிடிக்காததை அணைக்கலாம். விதிகளின் தொகுதியை, ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் களஞ்சியமான என்பிஎம்மில் ஒரு தொகுப்பாக வெளியிட்டு, ஒரே வரியில் இன்னொரு திட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளவும் வழி பிறந்தது. ஏர்பிஎன்பியின் நடைக்கையேடு உலகெங்கும் பரவியது இந்த வழியில்தான். 2015இல் ஃபெராஸ் அபூகதிஜே வெளியிட்ட 'ஸ்டாண்டர்டு' என்ற விதித்தொகுதி, அரைப்புள்ளியே வேண்டாம் என்றது.

தோற்றத்தை மட்டும் கவனிக்க 2013இல் பிறந்த ஜேஎஸ்சிஎஸ் என்ற கருவியும் இருந்தது. 2016இல் அது ஈஎஸ்லின்ட்டோடு இணைந்துவிட்டது. இதை என் துணிபுக்கு எதிரான சான்றாகக் கொள்ளத் தோன்றும். உண்மையில் ஜேஎஸ்சிஎஸ்ஸும் ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு விதி வைக்கும் முறையையே பின்பற்றியது. கருவி தனியாக இருந்தாலும் முறை பழையதுதான். ஆகவே ஒவ்வொரு விதிக்கும் ஒரு விவாதம் தொடர்ந்தது.

மரத்திலிருந்து மீண்டும் எழுதுதல்

2017 ஜனவரியில் ஜேம்ஸ் லாங் வெளியிட்ட பிரிட்டியர் வேறு பாதையில் நடந்தது. எழுதியவர் இட்ட இடைவெளிகளையும் வரி முறிவுகளையும் ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டு, தொடரியல் மரத்திலிருந்து நிரலைப் புதிதாக அச்சிடும். 80 எழுத்துக்குள் அடங்கினால் ஒரு வரி, அடங்காவிட்டால் முறிப்பு. இந்தக் கணிப்புக்கு அடித்தளம் பிலிப் வாட்லரின் அச்சமைப்பு ஆய்வு. விருப்பங்களைக் குறைவாக வைத்தது தெரிந்தே எடுத்த முடிவு. 2009இல் வெளியான கோ மொழியின் வடிவமைப்பியான கோஃப்எம்டி இதே துணிவை முன்பே காட்டியிருந்தது.

பழைய பின்னல் இங்கேதான் அவிழ்ந்தது. மேலே சொன்ன ரிட்டர்ன் நிரலை பிரிட்டியரிடம் கொடுத்தால், மொழி எப்படிப் படிக்கிறதோ அப்படியே, ரிட்டர்னுக்கு அடுத்து அரைப்புள்ளியோடு அச்சிட்டுக் காட்டிவிடும். அது பிழையைத் திருத்தாது, மறைந்திருக்கவும் விடாது. கீழே எட்ட முடியாத வரி கிடக்கிறது என்று ஈஎஸ்லின்ட் எச்சரிக்கும். அரைப்புள்ளி வேண்டாதவர்களுக்கு, அடைப்புக்குறியில் தொடங்கும் ஆபத்தான வரிகளின் முன்னால் மட்டும் பிரிட்டியரே ஒன்றை இட்டுவிடும். மனிதர் ஒழுக்கமாகப் பயில வேண்டியிருந்த பாதுகாப்பை இயந்திரம் ஏற்றது. நிரல் மதிப்பாய்வில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் மேற்கோள் குறிக்காகக் கண்டிக்கப்படும் நிலை மாறி, அவருடைய தர்க்கம் பேசப்படும் நிலை வந்தது. இந்த வரலாற்றின் ஆகப் பெரிய பயன் இதுவே என்று கருதுகிறேன்.

சில ஆண்டுகள் இரு கருவிகளும் ஒன்றையொன்று மறுத்தன. மோதும் விதிகளை அணைப்பதற்கென்றே ஈஎஸ்லின்ட்-கான்ஃபிக்-பிரிட்டியர் என்ற தொகுப்பு தேவைப்பட்டது. பழைய திட்டமொன்றை ஒரே நாளில் சீரமைத்தால் ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்ற தடம் மறைந்துபோகும். குறிப்பிட்ட கமிட்டுகளை அந்தத் தேடலிலிருந்து விலக்கும் வசதி 2019இல் பதிப்பு மேலாண்மைக் கருவியான கிட்டின் 2.23 பதிப்பில் வந்தது. 2023இல் ஈஎஸ்லின்ட் தன் தோற்ற விதிகளைக் கைவிடுவதாக அறிவித்தது. அவை 'ஸ்டைலிஸ்டிக்' என்ற தனித் திட்டத்துக்குச் சென்றன. அதே ஆண்டு ரோம் திட்டத்திலிருந்து கிளைத்த பயோம் இரு பணிகளையும் ஒரே நிரலுக்குள் தந்தாலும், உள்ளே வடிவமைப்பியும் பிழைகாட்டியும் தனித்தனி உறுப்புகளே.

பகிர்வுக்கு ஒரு விலையும் உண்டு. விதித்தொகுப்பும் நம் கணினியில் ஓடும் நிரல்தான். 2018 ஜூலையில் பராமரிப்பாளர் ஒருவரின் கணக்கைக் கைப்பற்றியவர்கள், என்பிஎம் அடையாளச் சாவிகளைத் திருடும் 3.7.2 பதிப்பை ஈஎஸ்லின்ட்டின் துணைத் தொகுப்பான ஈஎஸ்லின்ட்-ஸ்கோப்பின் பெயரில் வெளியிட்டனர். 2025 ஜூலையில் போலி மின்னஞ்சலால் ஏமாற்றப்பட்ட ஒரு பராமரிப்பாளரின் கணக்கு வழியாக ஈஎஸ்லின்ட்-கான்ஃபிக்-பிரிட்டியரின் தீங்கான பதிப்புகள் வெளிவந்தன. நிறுவும்போதே அவை விண்டோஸ் கணினிகளைத் தாக்கின. எனவே பொது விதிகளை இழுத்துக்கொள்ளும்போது பதிப்பெண்ணைப் பூட்டுக்கோப்பில் நிலைநிறுத்துங்கள். நிறுவும்போது தானாக ஓடும் நிரல்களைத் தடுத்துவையுங்கள். புதிய பதிப்பு வந்த அன்றே அதற்கு மாறாதீர்கள்.