கடல் மின்மினியின் குலவரிசை: ஓர் உரை

மூலம்

வகுப்பு: ஆஸ்ட்ரகோடா லாட்ரேயி, 1802
துணைவகுப்பு: மயோடோகோபா சார்ஸ், 1866
குடும்பம்: சிப்ரிடினிடே பேர்ட், 1850
பேரினம்: வார்குலா ஸ்கோக்ஸ்பெர்க், 1920
சிற்றினம்: வார்குலா ஹில்கெண்டார்ஃபி (முல்லர், 1890)

உரை

ஜப்பானியர் உமிஹோடாரு, அதாவது கடல் மின்மினி என்றழைக்கும் உயிரியின் வகைப்பாடு இது. எள்ளளவே இருக்கும், சுமார் 3 மில்லிமீட்டர்.

“ஆஸ்ட்ரகோடா”: உடல் முழுவதும் இரட்டை ஓட்டுக்குள் அடங்கிய உயிரிகள். பார்வைக்குச் சிப்பி, உறவிலோ இறால், நண்டின் பக்கம். ஓட்டைத் திறந்தால் கணுக்கால்கள் தெரியும்.

“மயோடோகோபா”: நன்னீரில் மிகுதியாகக் காணப்படும் போடோகோபா கிளையிலிருந்து இதைப் பிரித்தவர் நார்வே அறிஞர் சார்ஸ். அவர் முதன்மையாக நோக்கியது உணர்கொம்புகளை. மயோடோகோபாவில் இரண்டாம் உணர்கொம்பே துடுப்பு. குடும்பத்துக்கு 1850, அதற்கு மேலுள்ள துணைவகுப்புக்கு 1866 என ஆண்டு முன்பின்னாக இருப்பது அச்சுப்பிழையன்று. குடும்பம் முதலில் அமைந்தது. அதை உள்ளடக்கிய பெரும்பிரிவு பின்னர் வந்தது.

“சிப்ரிடினிடே”: மூலத்தின் நடுநாயகம் இச்சொல்லே. ஓட்டின் முன்புறம் அலகுபோல் நீண்டு, அதன்கீழ் ஒரு வெட்டு இருக்கும். ஓட்டைத் திறக்காமலே துடுப்புக் கொம்பை அவ்வழியே நீட்டி நீந்தலாம். பக்கத்துக்கொன்றாகக் கூட்டுக்கண்கள் உண்டு. புழுபோல் வளையும் ஏழாம் உறுப்பு ஓட்டின் உட்புறத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யும்.

ஒளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே எனில், அது குடும்ப அடையாளம் அன்று. இக்குடும்பத்திலேயே ஒளிராத பேரினங்கள் பல. சுமார் 3 சென்டிமீட்டர் வரை வளரும் ஆழ்கடல் ஜைகான்டோசிப்ரிஸ் அவற்றுள் ஒன்று. மறுபுறம், ஹாலோசிப்ரிடிடே என்ற வேறு குடும்பத்திலும் ஒளிர்வோர் உண்டு. அவர்கள் பயன்படுத்தும் வேதிப்பொருள் வேறு. ஆகவே ஒளியை மட்டும் பார்த்து உறவு சொன்னால் பிழைபடும்.

“வார்குலா ஹில்கெண்டார்ஃபி”: டோக்கியோவில் பணியாற்றிய ஜெர்மானிய விலங்கியலாளர் ஹில்கெண்டார்ஃபின் நினைவாக அமைந்த பெயர். பகலில் மணலில் புதைந்திருந்து இரவில் இரை தேடும். துளையிட்ட மூடியுள்ள புட்டியில் ஈரல் துண்டை வைத்துக் கடலில் இறக்கினால் மொய்த்துவிடும். சீண்டினால் மேலுதட்டுச் சுரப்பியிலிருந்து லூசிஃபெரின் என்ற ஒளிப்பொருளையும் லூசிஃபெரேஸ் என்ற நொதியையும் வெளிவிடும். அவை நீரிலுள்ள ஆக்சிஜனோடு கூடும்போது நீல ஒளி பரவும்.

“(முல்லர், 1890)”: மேலுள்ள நான்கு வரிகளிலும் இல்லாத அடைப்புக்குறி இங்கு மட்டும் வருவானேன்? முல்லர் இச்சிற்றினத்தைச் சிப்ரிடினா பேரினத்தில் வைத்தார். பின்வந்தோர் வார்குலாவுக்கு மாற்றினர். சிற்றினம் பேரினம் மாறினால் முதலில் பெயரிட்டவரை அடைப்புக்குள் இடுவது விலங்கியல் பெயரீட்டு விதி.

மாற்றம் எல்லாத் துறைக்கும் ஒருசேரப் போய்ச் சேரவில்லை. 1956இல் ஜப்பானிய வேதியியலாளர் ஒசாமு ஷிமோமுரா நகோயாவில் படிகமாக்கிய இவ்வுயிரியின் லூசிஃபெரினை வேதியியலார் இன்றும் ‘சிப்ரிடினா லூசிஃபெரின்’ என்றே எழுதுகின்றனர். ‘வார்குலா லூசிஃபெரின்’ என எழுதுவோரும் உண்டு. பொருள் ஒன்றே. இந்த அடைப்புக்குறியின் காரணம் அறிந்தவர் அவற்றை இரண்டெனக் கொள்ளார்.