பத்தாவது தட்டு

சடாகோ டிவிக்குள்ளிருந்து பாதி உடம்பை வெளியே இழுத்துவிட்டிருந்தபோது விசிடி சிக்கிக்கொண்டது. பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய திருட்டுத் தட்டு. எனக்கு அப்போது பதினோரு வயது. பெரியம்மா மகன், அண்ணன், தட்டை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்து மறுபடியும் போட்டார். அதற்குள் நான் அறைக்கு ஓடிப் போர்வைக்குள் புகுந்துவிட்டேன். மிச்சப் படத்தை அண்ணனும் சாய்வு நாற்காலியில் இருந்த தாத்தாவும்தான் பார்த்தார்கள்.

'ரிங்' படத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை நான் பார்த்தது பல வருடம் கழித்து, பல்கலைக்கழக விடுதியில். டிவியிலிருந்து பேய் வருவது அந்தப் படத்தின் ஆகப் பயங்கரமான காட்சியே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

ஜப்பானியப் பேய்ப்படம் என்றால் நமக்கு ஞாபகம் வருவது முகத்தை மறைக்கும் நீளமுடி, வெள்ளை உடை, கிணறு. இங்கே வளர்ந்தவர்களுக்கு 'அட, நம்ம பொந்தியானாக்' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இவை எல்லாமே ஜப்பானில் சினிமாவுக்கு வெகுகாலம் முந்தியவை. வெள்ளைக் கிமோனோ பிணத்துக்கு உடுத்துவது. 18ஆம் நூற்றாண்டு ஓவியர் மருயமா ஓக்யோ வரைந்ததாகச் சொல்லப்படும் பெண் பேய்க்கு அவிழ்ந்த கூந்தலும் வெள்ளை உடையும் உண்டு, பாதங்கள் கிடையாது. 1825இல் எதோ நகரத்தில், அதாவது இன்றைய தோக்கியோவில், 'யோட்சுயா கைதான்' என்ற கபுக்கி நாடகம் மேடையேறியது. எழுதியவர் நான்காம் சுருயா நன்போகு. கணவனின் துரோகத்துக்கு நடுவே விஷம் கொடுக்கப்பட்ட ஓயிவா என்ற பெண் தலை சீவுவாள். முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். 1959இல் நொபுவோ நகாகவா இதைப் படமாக எடுத்தார். வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள், இன்றைக்கும் வயிற்றைப் பிசையும். இந்த மாதிரிக் கதைகளைக் கோடைக்காலத்தில்தான் மேடையேற்றுவார்கள். உடம்பு சில்லிட வேண்டுமாம். ஏசி இல்லாத காலத்து ஏசி.

எனக்கு முக்கியமாகப் படுவது கிணற்றுக்காரி ஒகிகுதான். எஜமானரின் பத்து விலையுயர்ந்த தட்டுகளில் ஒன்று காணாமல் போகிறது. வேலைக்காரப் பெண்மேல் பழி விழுகிறது. அவளைக் கொன்று கிணற்றில் தள்ளிவிடுகிறார்கள். அன்றிலிருந்து இரவானால் கிணற்றுக்குள்ளிருந்து எண்ணும் குரல். ஒன்று, இரண்டு என்று ஒன்பதுவரை வரும், அப்புறம் ஓலம். ஹிமேஜி கோட்டைக்குப் போனால் 'இதுதான் ஒகிகுவின் கிணறு' என்று இன்றைக்கும் காட்டுவார்கள். இந்தக் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. ஒன்றில், அவள் ஒன்பது சொன்னவுடன் ஒருவர் சத்தமாகப் 'பத்து!' என்று கத்திவிடுகிறார். அவ்வளவுதான், கணக்கு நேராகிவிட்டது. ஒகிகு அடங்கிவிடுகிறாள்.

ஹிடெயோ நகாத்தா 1998இல் எடுத்த 'ரிங்' அதே கிணற்றுக்குத்தான் போகிறது. மர்ம வீடியோ ஒன்றைப் பார்த்தவர்கள் ஏழு நாளில் சாகிறார்கள். அதைத் துப்பறியும் செய்தியாளர் ரெய்கோ, தன் கெடு முடியும் நாளில் கிணற்றுக்குள் இறங்கி, சேற்றிலிருந்து சடாகோவின் எலும்புகளை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறாள். சாகவில்லை. பாவப்பட்ட பெண்ணுக்கு ஒருவழியாக அமைதி கிடைத்துவிட்டது என்று நாமும் மூச்சு விடுகிறோம். பத்து என்று கத்தியாயிற்று, இல்லையா? மறுநாள் அவளுடைய முன்னாள் கணவன் ரியூஜி வீட்டில் டிவி தானாக எரிகிறது.

இரண்டு கிணறுகளுக்கும் நடுவில் வந்து சேர்ந்தது வீடியோ கேசட்.

1976இல் ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 80களில் ஜப்பான் முழுக்க வாடகைக் கடைகள். ரத்தமும் சதையுமான படங்களுக்கு நல்ல கிராக்கி. 1988-89இல் தோக்கியோ பக்கம் நான்கு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவனின் அறையில் 5,763 கேசட்டுகள் இருந்தன. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அந்த அறையைத் திரும்பத் திரும்பக் காட்டின. பேய்ப்பட ரசிகன் என்றாலே சந்தேகம் என்ற நிலை வந்தது. ரத்தத்தைக் காட்டாமல் பயமுறுத்த வேண்டிய கட்டாயம் இப்படித்தான் ஓரளவு உருவானது என்று நினைக்கிறேன். கூடவே காசும் இல்லை. 1989இல் தோயே நிறுவனம் தியேட்டருக்குப் போகாமல் நேராகக் கேசட்டில் வரும் படங்களை 'வி-சினிமா' என்று ஆரம்பித்தது. மற்றவர்களும் அந்த வழியில் இறங்கினார்கள். 1991இல் இயக்குநர் நொரியோ சுருத்தாவும் எழுத்தாளர் சியாகி கொனாகாவும் 'உண்மையில் நடந்த பயங்கரக் கதைகள்' என்ற கேசட் வரிசையைத் தொடங்கினார்கள். அதில் பேய் பாய்ந்து வராது. அறையின் கோடியில், மங்கலாக, சும்மா நிற்கும். பாத்திரங்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். நாம் மட்டும் பார்த்துத் தொலைப்போம்.

இதில் என் துறைக்காரன் புத்தி கொஞ்சம் குறுக்கே வருகிறது. விஎச்எஸ்ஸின் கிடைமட்டத் தெளிவு சுமார் 240 கோடுகள்தான். காப்பியிலிருந்து காப்பி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும், நிறம் கசியும், விளிம்புகள் கரையும். மங்கலான மூலையில் நிற்பது பெண்ணா திரைச்சீலையா என்று சொல்ல முடியாது. பேய் குடியிருக்க இதைவிட வசதியான வீடு கிடைக்குமா!

கோஜி சுசுகியின் 'ரிங்' நாவல் வந்ததும் அதே 1991இல். நாவலில் சாபக் கேசட்டின் முடிவில் தப்பிக்கும் வழி சொல்லப்பட்டிருக்கும். ஆனால் அதன் மேலேயே யாரோ ஒரு விளம்பரத்தைப் பதிவுசெய்து அழித்துவிடுகிறார்கள். வீடியோ வைத்திருந்த வீடுகளில் அடிக்கடி நடந்த காரியம்தானே! படத்துக்குத் திரைக்கதை எழுதிய ஹிரோஷி தகாஹாஷி, ஆண் செய்தியாளரைப் பெண்ணாக்கி, ஒரு மகனுக்குத் தாயாக்கினார். இது சின்ன மாற்றமில்லை. 'ரிங்' வெளியானபோது அதன் தொடர்ச்சியான 'ரசென்' படமும் ஜோடியாக ஓடியது. அது சாபத்துக்கு மரபணு, வைரஸ் என்று விளக்கம் சொன்னது. ஜனங்கள் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருடமே அதை இல்லாததுபோல் பாவித்து 'ரிங் 2' வந்துவிட்டது.

சடாகோவின் அம்மா ஷிசுகோவுக்குப் பின்னால் ஒரு நிஜப் பெண்ணின் சாயல் இருக்கிறது. 1910இல் தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் உதவிப் பேராசிரியர் தொமோகிச்சி ஃபுகுராய், மூடி வைத்த எழுத்துகளைப் படிக்கும் சக்தி உள்ளவர் என்று சிசுகோ மிஃபுனே என்ற பெண்ணை அறிஞர்கள் முன்னால் சோதனைக்கு நிறுத்தினார். மோசடி என்ற பேச்சு கிளம்பியது, பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. 1911 ஜனவரியில் அவர் விஷம் குடித்து இறந்தார். வயது 24. படத்திலும் ஒரு மேடை, பத்திரிகைக்காரர்கள், மோசடி என்ற கூச்சல். ஷிசுகோ மிஹாரா எரிமலைக்குள் குதித்து இறக்கிறாள். அவளைக் கொன்றது செய்தி, அதாவது ஆயிரக்கணக்கில் அச்சடிக்கப்பட்ட காப்பி. மகளின் பழிவாங்கலும் காப்பி வழியாகவே வருகிறது. அதைத் துரத்திக்கொண்டு போகிற ரெய்கோவும் செய்தித் தொழில்காரிதான்.

கியோஷி குரோசாவாவின் 'க்யூர்' இதற்கு ஒரு வருடம் மூத்தது, 1997. (அகிராவுக்குச் சொந்தமில்லை.) பேயே கிடையாது, போலீஸ் த்ரில்லர். என் கட்சி இதுதான் 'ரிங்'கைவிட உயர்ந்த படம். ஞாபகம் தொலைத்தவன் ஒருவன் எதிரில் இருப்பவரிடம் 'நீ யார்?' என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பான். கேட்கப்பட்டவர்கள் அமைதியாகப் போய்க் கொலை செய்வார்கள். அதிலும் ஒரு பழைய பிலிம் சுருளும் ஒலிப்பதிவுக் கருவியும் வருகின்றன. கடைசியில் அந்த நோய் துப்பறிபவருக்கே தொற்றிவிட்டதோ என்று நினைக்க வைத்துப் படம் முடிந்துவிடுகிறது. முதல்முறை பார்த்தபோது முடிந்ததே எனக்குத் தெரியவில்லை, பின்னால் போட்டுப் பார்த்தேன். 2001இல் அவரே 'கைரோ'வில் பேய்களை இன்டர்நெட் வழியாக வரவிட்டார். தகாஷி ஷிமிசுவின் 'ஜூ-ஆன்' 2000இல் கேசட்டுக்கென்றே மலிவாக எடுக்கப்பட்ட படம். ஹாலிவுட் போனதெல்லாம் அப்புறம்.

2016 ஜூனில் சடாகோவையும் 'ஜூ-ஆன்' பேயையும் மோதவிட்டு ஒரு படம் வந்தது. நண்பர்களோடு சிரித்துச் சிரித்துப் பார்த்தேன். அதற்கு அடுத்த மாதம்தான் விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் உற்பத்தியை நிறுத்தியது.

அந்தக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வருகிறேன். ரெய்கோவின் மகனும் கேசட்டைப் பார்த்துத் தொலைத்திருக்கிறான். ரியூஜி செத்தான், தான் ஏன் சாகவில்லை என்று அவள் யோசிக்கிறாள். எலும்பை எடுத்ததால் இல்லை. அவள் கேசட்டைக் காப்பி எடுத்து ரியூஜியிடம் காட்டியிருந்தாள், அவ்வளவுதான் காரணம். பையன் பிழைக்க வேண்டுமென்றால் அவனும் காப்பி எடுத்து வேறு யாருக்காவது காட்ட வேண்டும். காரில் வீடியோ பிளேயரை வைத்துக்கொண்டு தன் அப்பா வீட்டுக்குக் கிளம்புகிறாள். பையனுக்காக ஓர் உதவி வேண்டும் என்று அப்பாவிடம் போனில் கேட்கிறாள். அவர் என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரிவதில்லை. கருத்த வானத்தை நோக்கிக் கார் போகிறது.

அன்றைக்கு நான் ஓடிப்போனதற்கு மறுநாள் காலை, படம் எப்படி முடிந்தது என்று தாத்தாவிடம் கேட்டேன். மலாய் சப்டைட்டிலை அவர் ஒன்றுவிடாமல் படித்திருந்தார். "அந்தப் பொம்பளை அவ அப்பாகிட்ட கொண்டுபோயிட்டாடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பேரனுக்குன்னா, கொண்டாம்மா பாக்குறேன்னுதான் நானும் சொல்லியிருப்பேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பார்த்துவிட்டு அடுத்த ஏழு நாளுக்குள் நீங்கள் யாரிடம் காட்டுவீர்கள் என்று கேட்க அந்த வயதில் தோன்றவும் இல்லை.