அலையை உடைக்கும் சுவர்

1836 ஏப்ரலில் பீகிள் கப்பல் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளில் நங்கூரமிட்டது. சார்லஸ் டார்வினுக்கு அப்போது 27 வயது. தீவின் விளிம்பில் ஓயாமல் மோதிக்கொண்டிருந்த அலைகள் அவரை யோசிக்க வைத்தன. கருங்கல்லாக இருந்தாலும் இந்த அடிக்கு ஒருநாள் தேய்ந்துபோகும். ஆனா, விரலால் நசுக்கிவிடக்கூடிய ஒரு சின்ன உயிர் கட்டிய சுவர் அசையாமல் நிற்கிறது. அதுவும், அலை மூர்க்கமாக அடிக்கிற வெளிப்பக்கத்தில்தான் பவளம் செழித்து வளர்கிறது!

எப்படி? பவள உயிர் இடம்விட்டு நகராது. சாப்பாடு அதைத் தேடி வரணும். அதன் உடலை ஒட்டி, கிட்டத்தட்ட அசையாத ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். ஆக்சிஜன் வருவதும் கழிவு போவதும் அதைக் கடந்துதான். நீர் கொந்தளித்துச் சுழலும்போது படலம் மெலிந்து, கொடுக்கல் வாங்கல் வேகமாகிறது. நீர் தேங்கினால் மூச்சுமுட்டல்தான். வண்டலும் மேலே படியும். அதற்காக எல்லா அலையும் நல்லது என்றில்லை. புயல் அலை கிளைப் பவளங்களை ஒடித்துப் போட்டுவிடும். ஒடிந்த துண்டு எங்காவது நிலைத்து ஒட்டிக்கொண்டால் பிழைக்கும். உருண்டுகொண்டே இருந்தால் செத்துப்போகும்.

ஆக, அலை பவளத்தை வளர்க்கிறது. பவளம் அலையை உடைத்து, பின்னால் இருக்கும் கரையைக் காக்கிறது. சரி, அந்தச் சுவரையே பெயர்த்து எடுத்துவிட்டால்?

அதையும் செய்து பார்த்துவிட்டோம், தூத்துக்குடிக் கடலில்.

மன்னார் வளைகுடாவில் இருந்தவை 21 தீவுகள். அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைப் பல பத்தாண்டுகளாக வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டட வேலைக்கும் அந்தக் கல் போனது. கடலில் இறங்கிக் கல் பெயர்த்தவர்களுக்கு அது அன்றாடப் பிழைப்பு. 1986-இல் இந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் வெட்டு நிற்கவில்லை. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. புலிக்கு என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு. 2004 சுனாமிக்குப் பிறகுதான் கல்வெட்டு ஓய்ந்தது.

அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. சுவர் போனதும் அலை நேராக மணலை அரித்தது. தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வான் தீவும் அதே வழியில் சில ஏக்கர் திட்டாகச் சுருங்கியது. அதைக் காப்பாற்ற, 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீவுக்கு முன்னால் செயற்கைப் பாறைகளை வரிசையாக இறக்கினார்கள்.

அந்தப் பாறைகளின் உடம்பெல்லாம் துளைகள். அலை உள்ளே நுழைந்து, சுழன்று, வலுவிழந்து கரைக்குப் போகணும். அதே ஓட்டத்தில் பவளமும் அதன்மேல் ஒட்டி வளரணும். கீலிங் தீவின் சுவர் காசு வாங்காமல் செய்துகொண்டிருந்த வேலையை, இங்கே நாம் செலவு செய்து மறுபடி ஆரம்பித்திருக்கிறோம்.