கொடி எங்கே, கரை எங்கே

உல்லாசக் கப்பல் ஒன்றின் படம் கண்ணில் பட்டால் நான் முதலில் தேடுவது அதன் பின்பக்கத்தைத்தான். கப்பலின் பெயருக்குக் கீழே ஓர் ஊர் எழுதியிருக்கும்: நஸாவ், பனாமா, ஹாமில்டன். கம்பெனியின் தலைமையகம் மியாமியில் இருக்கும், பயணிகளில் பெரும்பாலானோர் அமெரிக்கர்களாக இருப்பார்கள். அப்புறம் பனாமா எங்கிருந்து வந்தது?

கப்பல் கதை என்றால் சரக்கில்தானே தொடங்க வேண்டும். இங்கே அது குடிக்கிற சரக்கு. 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல் எந்தக் கடலில் போனாலும் மதுவிலக்கு பொருந்தும் என்று 1922இல் அட்டர்னி ஜெனரல் ஹாரி டாஹெர்ட்டி சொன்னார். போட்டிக்கு ஓடிய பிரிட்டிஷ் கப்பல்களில் விஸ்கி தாராளமாகக் கிடைத்தது. யுனைடெட் அமெரிக்கன் லைன்ஸ் அந்த ஆண்டு முடிவதற்குள் ரிலையன்ஸ், ரிசொலூட் என்ற தன் இரண்டு கப்பல்களையும் பனாமா கொடிக்கு மாற்றிவிட்டது. நடுக்கடலில் இருக்கும் அமெரிக்கக் கப்பலுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று மறு வருஷமே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆனால் அதற்குள் வழி தெரிந்துபோச்சு. சட்டம் பிடிக்கவில்லையா, கொடியை மாற்று.

பிறகு மதுவின் இடத்துக்குக் கூலியும் வரியும் வந்தன. 1948இல் லைபீரியாவும் இப்படியொரு கப்பல் பதிவேட்டைத் திறந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் ஸ்டெட்டினியஸ். 1972இல் டெட் அரிசன் ஒரே ஒரு பழைய கப்பலை வைத்துத் தொடங்கிய கார்னிவல் பனாமாவில் பதிவானது. ராயல் கரீபியன் லைபீரியாவில். இந்த நாடுகள் அமெரிக்கக் கப்பல்களுக்கு வரிவிலக்கு தருவதால், பதிலுக்கு இந்தக் கம்பெனிகளின் கப்பல் வருமானத்துக்கு அமெரிக்காவிலும் விலக்கு உண்டு. கப்பலுக்குள் வேலை செய்யும் பிலிப்பினோவுக்கோ இந்தியருக்கோ அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி கிடையாது.

2020 மார்ச்சில் கொரோனா நிவாரணச் சட்டம் வந்தபோது இந்தக் கணக்கு ஒருமுறை திரும்பி அடித்தது. பெரிய தொழில்களுக்கான கடன், அமெரிக்காவில் பதிவான நிறுவனங்களுக்குத்தான் என்று அதில் எழுதியிருந்தது. பனாமாக்காரர்களும் லைபீரியாக்காரர்களும் வெளியே நின்றார்கள்.

கொடியை மாற்றியும் தப்ப முடியாத சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி இன்னொன்றில் இறக்கக் கூடாது என்கிறது 1886ஆம் ஆண்டுச் சட்டம். சியாட்டிலிலிருந்து அலாஸ்காவைச் சுற்றிக் காட்டித் திரும்பும் கப்பல்கள் நடுவில் கனடாவின் விக்டோரியா மாதிரி ஒரு துறைமுகத்தைத் தொட்டுவிட்டு வருவது அதனால்தான். 2021இல் கனடா துறைமுகங்களை மூடியபோது, அலாஸ்காவின் பிழைப்புக்காக அமெரிக்க நாடாளுமன்றமே இந்த விதியைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டியிருந்தது.

கொடி தூரத்து நாட்டில் இருக்கலாம், கப்பல் ஏதாவது ஒரு கரைக்கு வந்துதானே ஆக வேண்டும்? என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் உண்மையான சண்டை அங்கேதான் நடக்கிறது. அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் சுமார் 32,000 பேர் வாழ்கிறார்கள். வெளியூரிலிருந்து அங்கே வர சாலை இல்லை. 2023இல் வந்த கப்பல் பயணிகள் 16 லட்சத்துக்கும் மேல்.

அலாஸ்கா கடலில் உட்படப் பல இடங்களில் கழிவைக் கொட்டியதற்காக ராயல் கரீபியன் 1999இல் 21 குற்றங்களை ஒப்புக்கொண்டு 1.8 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. அதே வருஷம் ஜூனோ மக்கள் வாக்களித்து, தலைக்கு 5 டாலர் கட்டணம் கொண்டுவந்தார்கள். 2006இல் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு நடந்து 46 டாலர் வரி வந்தது. தொழில்துறை வழக்குப் போட, 2010இல் அது 34.50 ஆகக் குறைந்தது. அந்தக் காசில் ஜூனோ திமிங்கிலச் சிலையோடு ஒரு பூங்கா கட்டியதும் இன்னொரு வழக்கு. கட்டணம் வாங்கலாம், ஆனால் கப்பலுக்குப் பயன்படும் வேலைக்கே செலவிட வேண்டும் என்று 2018இல் தீர்ப்பானது. 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள்தான். அதுவும் ஊர் போட்ட சட்டமில்லை, கம்பெனிகளோடு உட்கார்ந்து பேசி எழுதிய உடன்பாடு.

சனிக்கிழமைகளில் பெரிய கப்பலே வேண்டாம் என்ற யோசனை 2024 அக்டோபரில் வாக்கெடுப்புக்கு வந்தது. பெரும்பான்மையினர் அதை நிராகரித்தார்கள். கடை, பேருந்து, திமிங்கிலம் காட்டும் படகு என்று அந்த ஊரில் எத்தனையோ பேருக்கு அந்த ஒருநாள் வருமானம் முக்கியம். அவர்களை ஏமாளிகள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கம்பெனிக்குப் பிடிக்கவில்லையென்றால் வேறு கொடி, வேறு துறைமுகம் என்று போய்விடலாம். ஜூனோக்காரர்கள் எங்கே போவார்கள்?