புத்தடி, போடி, ஒரே ஏலம்: ஏலக்காய்ச் சந்தையின் மின்னணு இணைப்பு

தேவிகுளம் வழியே போகும் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் மேற்கே இறங்கினால், நறுமணப்பொருள் வாரியத்தின் தலைமையகம் இருக்கும் கொச்சி. கிழக்கே பூப்பாறை, போடிமெட்டு தாண்டி இறங்கினால், ஏலக்காய் வியாபாரிகளின் போடிநாயக்கனூர். வாரியம் ஒருபுறம், வியாபாரம் மறுபுறம், செடி நடுவே மலையில். இந்த மூன்றுக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்க எடுத்த முயற்சிகளே இந்தச் சந்தையின் வரலாறு.

முதல் முயற்சி தேயிலைக்காக நடந்தது. மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயில், அங்கிருந்து கொட்டகுடிக்கு இழுவைக் கம்பிப்பாதை, பிறகு போடிக்குத் தரைவழி. 1924 வெள்ளம் ரயிலை அழித்தது. அதன்பின் சாலையே கதியானது.

ஏலக்காய்க்கு வேண்டியிருந்தது வேறு பாதை. அதை அமைத்தது சட்டம். 1965-இல் ஏலக்காய்ச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த ஏலக்காய் வாரியத்தின் பொறுப்புகள் 1987-இல் நறுமணப்பொருள் வாரியத்திடம் வந்தன. ஏலக்காய்க்கான உரிம, விற்பனை விதிகள்தான் இன்றைய ஏலமுறைக்கு அடித்தளம். ஏலம் நடத்துபவருக்கும் உரிமம், வாங்கும் வியாபாரிக்கும் உரிமம். விவசாயி கொண்டுவரும் சரக்கை ஏலக் கம்பெனி லாட்டாகப் பிரித்துப் பதிவு செய்யும். மாதிரியைக் கையில் எடுத்து நிறம், பருமன், லிட்டர் எடை பார்த்து வியாபாரிகள் கூவிக் கேட்பார்கள். ஏலம் முடிந்தபின் விலையை முதலில் அறிந்தவர்கள் அந்தக் கூடத்தில் இருந்தவர்களே.

2007-இல் இந்தக் கூவல் கணினிக்கு மாறியது. போடியிலும் வண்டன்மேடு அருகே புத்தடியிலும் மின்னணு ஏலம் தொடங்கியது. மாதிரித் தட்டு மேசையில் அப்படியே இருந்தது. விலை மட்டும் திரையில் ஏறியது.

இதைவிடப் பெரிய மாற்றம் திரைக்கு வெளியே நிகழ்ந்தது என்பேன். வாரியத்தின் இணையதளம் ஏல நாள், ஏலக் கம்பெனி, லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த அளவு, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை ஆகியவற்றை அட்டவணையாக வெளியிடுகிறது. ஒரு விற்பனைத் தளத்தை நிறுவன வலைவாசலோடு இணைப்பதன் பயன் இங்கே தெளிவாகிறது. இத்தகைய இணைப்புக்கு உரிமப் பதிவேடு, லாட் எண், எடை, விலை, விற்பனைப் பட்டியல் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரே தகவலை இரண்டு இடங்களில் கையால் பதியும் நிலை இருந்தால் பிழையும் தாமதமும் கூடவே வரும். பொருந்திவிட்டால், ஏலக்கூடத்தையே பார்த்திராத விவசாயியும் தோட்டத்தில் நின்றபடி கைபேசியில் அன்றைய சராசரியைப் பார்த்துவிட்டு உள்ளூர் வியாபாரியிடம் பேரம் பேசலாம்.

அப்போதும் கூடங்கள் இரண்டாகவே இருந்தன. இதன் பாதிப்பு 2020-இல் தெரிந்தது. பொதுமுடக்கத்தில் ஏலங்கள் நின்றன. மாநில எல்லையைக் கடப்பது கடினமானதால், மீண்டும் தொடங்கியபோதும் தமிழக வியாபாரிகள் கேரளப் பக்கம் உள்ள புத்தடிக்குப் போவது பெரும்பாடானது. 2021 தொடக்கத்தில் வாரியம் மேகக்கணினி வழியாக நேரடி மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. புத்தடியில் நடக்கும் ஏலத்தில் போடியில் இருந்தபடியே கேட்கலாம். போடி ஏலத்தில் புத்தடியில் இருந்து கேட்கலாம். கேட்பவர்கள் கூடினால் போட்டி கூடும் என்பதே கணக்கு. ஆனாலும் ஏலக்காயைக் கண்ணால் பார்க்காமல் யாரும் விலை சொல்வதில்லை. ஆகவே மாதிரிப் பைகள் இன்னும் மலைச் சாலையில்தான் பயணம் செய்ய வேண்டும்.

அட்டவணையைப் படிக்கும் பழக்கமும் தேவை. 2018 வெள்ளம், அடுத்த ஆண்டின் வறட்சி ஆகியவற்றால் விளைச்சல் சரிந்தபோது, 2019 ஆகஸ்டில் புத்தடியில் கிலோ 7,000 ரூபாய் என்ற விலை செய்தியானது. அது அதிகபட்ச விலை. அன்றைய சராசரி அதைவிட வெகு கீழே. சிறு விவசாயிக்கு உதவுவது சராசரிதான்.

அந்தச் சராசரியையே சந்தேகிக்க வைக்கும் புகார் ஒன்று பல ஆண்டுகளாக உண்டு: ஏலத்தில் வாங்கிய காயையே வியாபாரிகள் மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள், அதனால் வரத்து பெருகியதுபோல் தோன்றி விலை இறங்குகிறது என்கிறார்கள் விவசாயிகள். வந்த அளவு என்ற கட்டத்தில் தோட்டத்துக் காயும் திரும்பி வந்த காயும் ஒரே எண்ணாகவே நிற்கின்றன. விற்ற லாட்டின் எண்ணை அதன் அடுத்த பயணத்தோடும் கோத்துக் காட்டும் வசதி வந்தால், விவசாயி பார்க்கும் அட்டவணையில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியும். வாரியம் அடுத்து எடுக்க வேண்டிய வேலை அதுவே.