ஏற்றப் பாட்டும் பரீட்சைப் படிப்பும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையை விட்டு மேற்கே திரும்பினால் பாகூர் வரும். பெரிய ஏரியும் அதை நம்பிய நெல்வயல்களும் உள்ள ஊர். புதுவை வட்டாரத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது. புதுச்சேரிக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றையொட்டி இருப்பது வில்லியனூர். எண்ணெய் இயந்திரங்களும் மின் இறைப்பான்களும் வருவதற்கு முன்னால், இந்த ஊர்களில் கோழி கூவும் நேரத்திலேயே ஒரு பாட்டு கேட்கத் தொடங்கிவிடும். அதுதான் ஏற்றப் பாட்டு.

இன்று இதே ஊர்களில் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களில் பலர், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறக்கிறார்கள். "பாட்டு ஓடினால்தான் மனம் ஒரு நிலையில் நிற்கிறது" என்பது அவர்கள் வாதம். "பாட்டைக் கேட்டுக்கொண்டு படித்தால் பாட்டுதான் மண்டையில் ஏறும்" என்பது பெற்றோர் வாதம். யார் சொல்வது சரி? விடை காண, பாட்டும் வேலையும் சேர்ந்து நடந்துவந்த பாதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை சொன்ன பாட்டு

ஏற்றம் என்பது எளிய நெம்புகோல். கிணற்றருகே நட்ட கம்பத்தின் மேல் ஒரு நீண்ட துலா. அதன் ஒரு முனையில் மூங்கில் கழி. கழியின் நுனியில் சால். துலாவின்மேல் ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடப்பர். முன்னே நடந்தால் சால் கிணற்றில் இறங்கும். பின்னே நடந்தால் நீருடன் மேலே எழும். கீழே நிற்பவர் கழியைப் பிடித்துச் சாலை வாய்க்காலில் கவிழ்ப்பார்.

பார்க்க எளிது, செய்யக் கடினம். மேலே நடப்பவரின் கால் ஒரு கணம் தவறினால் விழ வேண்டியதுதான். கீழே நிற்பவர் கழியை இழுக்கும் நேரமும் மேலே இருப்பவர் அடி வைக்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அரைத்தூக்கத்தில் தொடங்கி வெயில் ஏறும்வரை இந்த ஒழுங்கு குலையக் கூடாது. இத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் வேண்டும். இந்த மூன்று வேலைகளையும், அதாவது விழிப்பு, ஒழுங்கு, கணக்கு ஆகியவற்றை, ஒரே கருவி செய்தது. அதுவே பாட்டு. சாலின் எண்ணிக்கையைப் பாட்டிலேயே கோத்துச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஏற்றப் பாட்டு அவர்களுக்குக் கடிகாரமாகவும் கணக்குப் புத்தகமாகவும் இருந்தது.

இந்த வழக்கம் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், ஏர் பூட்டுவோர் பாடும் ஏர்மங்கலமும் களத்தில் நெல் அளப்போர் பாடும் முகவைப் பாட்டும் வயலில் எழுந்த ஒலிகளாகக் குறிக்கப்படுகின்றன. உலக்கை குத்தும் பெண்களின் பாட்டுக்கு வள்ளைப் பாட்டு என்று பெயர். நாற்று நடும் பெண்கள் ஒருத்தி முதலடி எடுக்க, மற்றவர்கள் பின்பற்றிப் பாடினர். வரிசையாகக் குனிந்து நடும்போது ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் வரிசை கெடும். பாட்டு அதைக் காத்தது. இடுப்பு வலியை மறக்கச் செய்ததும் அதுதான். வேலை வாங்குபவரைக் கேலி செய்யவும் அதில் இடம் இருந்தது.

இப்பாடல்களை ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக உலகம் கருதியது பிற்காலத்தில்தான். ஜெர்மன் பொருளியல் அறிஞர் கார்ல் பியூஷர், 1896-இல் 'உழைப்பும் தாளமும்' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். பல நாடுகளின் தொழிற் பாடல்களைத் திரட்டி, உடலுழைப்பின் சீரான அசைவுக்கும் இசைக்கும் உள்ள உறவை அவர் விளக்கினார். சேர்ந்து அசைவதால் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. 2010-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் படகோட்டும் மாணவர்களைச் சோதித்தனர். தனியாகத் துடுப்பு வலித்தபோது இருந்ததைவிட, குழுவாக ஒரே தாளத்தில் வலித்த பிறகு அவர்களின் வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. நடவு வயலில் பாடிய பெண்கள் இதை ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிந்திருந்தனர்.

பாட்டை விழுங்கிய ஆலை

19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பஞ்சாலைகள் எழுந்தன. சவானா ஆலையும், 1898-இல் தொடங்கிய ரோடியர் ஆலையும் பெயர் பெற்றவை. கிராமத்து உழைப்பாளர்கள் பலர் தறிக் கூடத்துக்குள் நுழைந்தனர். அங்கே தாளம் இருந்தது. ஆனால் அது இயந்திரத்தின் தாளம். வயலில் உழைப்பவர் தம் மூச்சுக்கு ஏற்பப் பாட்டைத் தாழ்த்தலாம், விரைவாக்கலாம். தறியோ யாருக்காகவும் நிற்பதில்லை. தறிக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாளர்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்ளப் பழகியிருந்தனர்.

ஆலைத் தொழிலாளரின் குறை ஒலி மட்டுமன்று. நீண்ட வேலை நேரமும் குறைந்த கூலியும் அவர்களை வாட்டின. 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், வேலைநிறுத்தம் செய்த புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் உயிரிழந்தனர். வேலை நேரத்தைக் குறைக்கும் சட்டம் 1937-இல் வந்தது.

ஏறத்தாழ இதே காலத்தில் பிரிட்டனில், தொழிலாளரின் களைப்பை ஆராய அமைந்த அரசுக் குழு இரு சோதனைகளை நடத்தியது. முதலாவது தறிக் கூடத்தில் நடந்தது. நெசவாளர்களுக்குக் காதடைப்பான் கொடுத்து, அது இருக்கும்போதும் இல்லாதபோதும் அவர்கள் வேலையை ஒப்பிட்டனர். காதடைப்பான் அணிந்தபோது வேலைத் திறன் சற்று உயர்ந்தது. பேரொலி காதை மட்டுமன்றிக் கவனத்தையும் தின்கிறது என்று தெரிந்தது. இரண்டாவது சோதனையின் முடிவுகள் 1937-இல் வெளியாயின. ஒரே மாதிரியான கைவேலையை நாள் முழுதும் செய்யும் பெண்களுக்குக் கிராமபோன் இசை வைத்துப் பார்த்தனர். இசை ஒலித்த நேரங்களில் சலிப்பு குறைந்தது. செய்து முடித்த பொருள்களின் எண்ணிக்கை கூடியது.

பாட்டு வெளியிலிருந்து வந்தது

போர்க் காலத்தில் இந்த முடிவு பயன்பட்டது. 1940 ஜூன் 23 அன்று பி.பி.சி. வானொலி, 'வேலை செய்யும்போது இசை' என்று பொருள்படும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. நாளுக்கு இருமுறை, அரைமணி நேரம் வீதம், தொழிற்சாலை ஒலிபெருக்கிகளில் அது ஒலித்தது. 1967 வரை தொடர்ந்தது. ஒலி திடீரென ஏறி இறங்காத, சீரான ஓட்டமுள்ள இசையையே தேர்ந்தெடுத்தனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கைதட்டுவதற்கென்றே இடம் விட்டிருந்த ஓர் அமெரிக்கப் பாட்டை இந்நிகழ்ச்சியிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. தொழிலாளர்கள் கையிலிருந்த கருவிகளைக் கீழே போட்டுவிட்டுத் தட்டுவார்கள், அல்லது கருவிகளாலேயே இயந்திரத்தைத் தட்டுவார்கள் என்ற அச்சமே காரணம்! இசை உடலை அசைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 'மியூசாக்' என்ற நிறுவனம் இதையே வாணிபமாக்கியது. கால்மணி நேர இசைத் தொகுதிகள்; ஒவ்வொன்றும் மெல்லத் தொடங்கிப் படிப்படியாக விறுவிறுப்பாகும்; பிறகு கால்மணி நேரம் அமைதி. களைப்பு வரும் வேளையைக் கணக்கிட்டு இசையை ஏற்றினர். ஏற்றக்காரர் பாட்டைத் தாமே பாடினார். இங்கோ பாட்டை ஒருவர் தேர்ந்தெடுக்க, வேலையை வேறொருவர் செய்தார். இசை வேலைக்காரரின் கையிலிருந்து மேலாளரின் கைக்கு மாறிவிட்டது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சோதனைகளெல்லாம் கைகள் செய்யும் வேலையைப் பற்றியவை. கை பழகிய வேலையில் ஈடுபட்டிருக்க, மனம் சும்மா இருந்து சலிக்கிறது. அந்தச் சும்மா இருக்கும் மனத்துக்கு இசை துணையாயிற்று. படிப்பு அப்படிப்பட்ட வேலையா?

கம்பர் தூங்காத இரவு

கம்பரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. வழியில் ஓர் ஏற்றக்காரர் பாடிய அடி அவர் காதில் விழுந்தது. அடி முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட, ஏற்றக்காரர் வேலையை நிறுத்தி வீட்டுக்குப் போய்விட்டார். மீதி என்னவாக இருக்கும் என்று எண்ணி எண்ணிக் கம்பர் இரவெல்லாம் தவித்து, மறுநாள் அங்கேயே வந்து நின்றாராம்.

கதையானாலும் இதில் ஓர் உண்மை இருக்கிறது. பாடியவருக்கு அந்தப் பாட்டு வேலையை எளிதாக்கியது. கேட்டவரின் தூக்கத்தையோ கெடுத்துவிட்டது. மொழியோடு வேலை செய்யும் மனத்தைச் சொற்கள் பிடித்து இழுக்கின்றன.

ஆய்வுக்கூடங்கள் இதை உறுதி செய்தன. 1976-இல் கோல், வெல்ஷ் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு எழுத்துகளை வரிசையாகக் காட்டி, அதே வரிசையில் நினைவு கூரச் சொன்னார்கள். பின்னணியில் அம்மாணவர்களுக்குத் தெரியாத ஜெர்மன் மொழிப் பேச்சு ஒலித்தது. பொருள் புரியாத பேச்சாக இருந்தும் பிழைகள் கூடின. 1980-களில் சலாமே, பேட்லி என்ற ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்தனர். வாத்திய இசையைவிடச் சொற்கள் உள்ள பாட்டு நினைவை அதிகம் குலைத்தது என்று 1989-இல் எழுதினர்.

காரணம் என்ன? ஒன்றைப் படித்து மனத்தில் நிறுத்தும்போது, நாம் அதை உள்ளுக்குள் ஒலித்துப் பார்க்கிறோம். ஒரு தொலைபேசி எண்ணை எழுதும்வரை முணுமுணுப்பது போன்றது இது. காது வழியாக நுழையும் சொற்களும் அதே இடத்துக்குத்தான் வருகின்றன. ஒற்றையடி வரப்பில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் என்ன ஆகும்? கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூட இயற்கை இமை வைக்கவில்லை.

"எனக்குப் பிடித்த பாட்டு தொல்லை தராது" என்று சிலர் நினைக்கலாம். 2011-இல் பிரிட்டனில் பெர்ஹாம், விசார்ட் ஆகியோர் இதையும் சோதித்தனர். வரிசையாக நினைவு கூரும் வேலையில், பிடித்த பாட்டும் பிடிக்காத பாட்டும் ஏறத்தாழ ஒரே அளவு கெடுத்தன. அமைதியே சிறந்த பலன் தந்தது.

மோட்சார்ட் இசை அறிவை வளர்க்கும் என்ற செய்தியின் கதையும் இதுவே. 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், 10 நிமிடம் மோட்சார்ட் கேட்ட மாணவர்கள், இடத்தையும் வடிவத்தையும் கணிக்கும் சோதனையில் சிறிது நேரம் மட்டும் மேலான மதிப்பெண் பெற்றனர். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக்கின. பின்வந்த ஆய்வுகள் கண்ட விளக்கம் எளியது: இனிய இசை மனத்தை உற்சாகப்படுத்துகிறது, உற்சாகமான மனம் சற்று நன்றாக வேலை செய்கிறது. அவர்கள் இசையைக் கேட்டது சோதனைக்கு முன்னால். சோதனையின் நடுவில் அன்று.

ஊரின் ஒலி, பிள்ளையின் படிப்பு

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் செப்பேடு, பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு 9-ஆம் நூற்றாண்டில் மூன்று ஊர்கள் கொடையாகத் தரப்பட்டதைக் கூறுகிறது. கல்விக்குப் பொருள் தர வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். இன்று பொருளோடு சேர்த்து நாம் தர வேண்டிய இன்னொன்று அமைதி.

1975-இல் நியூயார்க்கில் ஆர்லீன் பிரான்சாப்ட் என்ற உளவியலாளர் ஒரு பள்ளியை ஆராய்ந்தார். பள்ளியின் ஒரு பக்கத்தை ஒட்டி ரயில்கள் ஓடின. அந்தப் பக்க வகுப்புகளில் படித்த பிள்ளைகள், அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஓராண்டு வரை பின்தங்கியிருந்தனர். பின்னர் தண்டவாளத்தில் அதிர்வு தாங்கும் பட்டைகள் இடப்பட்டன. வகுப்புகளில் ஒலியை உறிஞ்சும் கூரை அமைக்கப்பட்டது. 1981-இல் அவர் மீண்டும் ஆராய்ந்தபோது அந்த வேறுபாடு மறைந்திருந்தது. குறை பிள்ளைகளிடம் இல்லை, ஒலியில்தான் இருந்தது.

நம் ஊர்களில் இதே நிலையைத் திருவிழாக் குழாய் ஒலிபெருக்கிகள் உண்டாக்குகின்றன. பரீட்சைக் காலமும் திருவிழாக் காலமும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சன்னலைச் சாத்திக்கொள்ளலாம். கூரை வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைப்பதற்குப் பொதுவாகத் தடை உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே அளவு. விதி ஏட்டில் இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் அதை நினைவூட்ட ஆள் வேண்டும்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். படம் வரையும்போதும், நோட்டுக்கு அட்டை போடும்போதும், பாத்திரம் துலக்கும்போதும் பாட்டுக் கேளுங்கள். வேலை இனிதாக நடக்கும். படிக்கத் தொடங்குமுன் இரண்டு பாட்டுக் கேட்டு மனத்தைத் தெளிவாக்கிக்கொள்வதும் நல்லதே. மனப்பாடம் செய்யும்போதும், உரைநடையைப் படிக்கும்போதும், கட்டுரை எழுதும்போதும் பாட்டை நிறுத்திவிடுங்கள். சுற்றிலும் பேச்சுச் சத்தம் தாங்கவில்லையானால், சொற்கள் இல்லாத மெல்லிய இசையோ மின்விசிறியின் சீரான ஓசையோ அதைவிட மேல்.

பாட்டாலேயே படிக்கவும் ஒரு வழி உண்டு. திண்ணைப் பள்ளிகளில் வாய்பாட்டை இராகம் போட்டு ஒன்றாகச் சொன்னார்கள். அங்கே பாட்டு வேறு, பாடம் வேறு அல்ல. சாலின் கணக்கைத் தன் பாட்டிலேயே கோத்துக்கொண்ட ஏற்றக்காரர் செய்ததும் அதுவே.